முதுகில் ஜிப் வைத்த நைட்டி

மார்ச் 18, செவ்வாய்

பதினான்காம் அத்தியாயம் வந்தது. அவன் அவளை அறைந்துவிட்டான்.

மூன்று வாரமாக இந்த அறை வரும், வரும் என்று காத்திருந்தேன். இன்று ஈரோட்டில் ஜவுளிச் சந்தை நாள். கேரளத்து வியாபாரிகள் மதியம் வரை கடையை விட்டு நகரவில்லை. மூன்று மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்து போனைத் திறந்தால், ருத்ரேஷ் கை ஓங்குகிறான், அவன் பெண்டாட்டி பனிமலர் சுவரோரம் போய் விழுகிறாள். பயந்துகொண்டே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, பொய் சொல்வானேன்.

கதையின் பெயர் ‘உன் சினமே என் சீதனம்’. எழுதுகிறவள் பெயர் தேன்மல்லி. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஓர் அத்தியாயம் போனில் வரும். வாசகிகள் அதை ‘யூடி’ என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். கடையில் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் கோமதிதான் போன வருஷம் என்னை இந்தப் பழக்கத்தில் இழுத்துவிட்டவள். படித்து முடித்ததும் கீழே விமர்சனம் எழுதலாம். ‘பாவை, ஈரோடு’ என்ற பெயரில் எழுதுகிறேன். பாவாயி என்ற சொந்தப் பெயரைப் போட்டால் யார் மதிக்கிறார்கள்?

எட்டாவதோடு நின்றவள் நான். ஒரு பை நிறைய நைட்டி சுமந்து பவானி, அந்தியூர், கோபி என்று டவுன் பஸ்ஸில் போய் வீடு வீடாக விற்று வந்தவள். இன்றைக்குச் சொந்தக் கடை, பின்னால் தையல் கூடம். சரக்கைப் பார்ப்பது போலத்தான் கதையையும் பார்ப்பேன். நன்றாயிருந்தால் நன்று என்பேன், சாயம் போனால் போனது என்பேன்.

இன்று எழுதியது: ‘அறை வாங்கும் காட்சி அருமை. ஆனால் அம்மணி, பனிமலர் போட்டிருக்கும் நைட்டிக்கு முதுகில் ஜிப் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் நைட்டிக்கு முதுகில் ஜிப் வைக்கிறார்கள்? தானாகப் போட்டுக்கொள்ள முடியுமா அதை?’

ஐந்தே நிமிஷத்தில் பதில். ‘பாவை மா, மாட்டிக்கொண்டேனே. வீட்டில் நான் சேலைதான். உங்களை மாதிரி ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிப்பதுதான் எனக்குப் பெருமை.’

கோமதியிடம் காட்டினேன். “பாருங்கக்கா, எத்தன பேரு எளுதறாங்க, உங்களுக்குத்தான் பதிலு,” என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

இந்த வாரம் முடித்தவை இரண்டு. ஒன்று பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பாக்கெட் நாவல், ‘கறுப்பு மாளிகையின் ஏழாவது அறை’. ஐம்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் பங்களாவில் பேய் வந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறதாம். அத்தனை வருஷம் மின்கட்டணம் கட்டியது யார் என்று கடைசி வரை சொல்லவில்லை. இன்னொன்று ‘கோடீஸ்வரக் காதலா’. நாயகனுக்குப் பத்துக் கம்பெனி இருக்கிறது, ஒரு நாள்கூட ஒன்றுக்கும் போகவில்லை. இப்படித் தொழில் பார்த்தால் பத்தும் மூன்று மாதத்தில் மூடிவிடும்.

யூடி 15 வந்தது. அறைந்த ருத்ரேஷ் காபி போட்டுக் கொடுக்கிறான். மன்னிப்புக் கேட்கிறான். பக்கம் பக்கமாக அழுகிறான். பரவாயில்லை, ஒரு தரம் இருக்கட்டும்.

தாரணி கூப்பிட்டாள். என் ஒரே மகள், கட்டிக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. கோவையில் இருக்கிறாள். மாப்பிள்ளை நவநீதனுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். என் வீட்டுக்காரர் போன பிறகு, “இனி நான்தான் உங்களுக்கு மகனுங்க அத்தை” என்று சொல்லித்தான் பெண் கேட்டார்.

“அம்மா, முழுக்கை நைட்டி மூணு அனுப்பி விடறியா?”

“இப்பவா? வெயில் கொளுத்துதே கண்ணு.”

“கொசு ஜாஸ்திம்மா. கடிச்சுக் கடிச்சு வெச்சிருது.”

பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். காட்டனில் மூன்று.

முழுக்கை நைட்டி எங்கள் கடையில் மார்கழியில்தான் போகும். கோடையில் கேட்கிறவர்களும் உண்டு. வீடு வீடாக விற்ற காலத்தில் அப்படிக் கேட்ட சில முகங்கள் இன்னும் ஞாபகம் இருக்கின்றன. அவர்களிடம் அளவு மட்டும்தான் கேட்பேன். வேறொன்றும் கேட்க மாட்டேன். கேட்டால் அடுத்த தரம் கதவு திறக்காது.

கோவையில் கொசு அதிகம்தான்.

மார்ச் 25, செவ்வாய்

யூடி 16. மறுபடியும் காபி. ஊட்டிக்குப் போகிறார்கள், படகில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இரண்டு அத்தியாயமாகக் கதை ஓரடி நகரவில்லை.

வெளிப்படையாக எழுதிவிட்டேன்: ‘தேன்மல்லி, கதை தொய்ந்துவிட்டது. ருத்ரேஷின் கோபத்துக்காகத்தானே நாங்கள் வந்தோம்? அந்தக் கோபம் எங்கே போயிற்று? இப்படியே போனால் வாசகி அடுத்த கடைக்குப் போய்விடுவாள். ஒன்று கவனித்தேன்: பனிமலருக்கு வலித்தது என்று நீங்கள் ஓர் இடத்திலும் எழுதவில்லை. அவளுக்கு வலிப்பதைப் பார்த்து அவனுக்கு வலித்தது என்றுதான் எழுதுகிறீர்கள்.’

நாற்பது பேர் ‘பாவை மா சொல்வது சரி’ என்று கீழே எழுதினார்கள். தேன்மல்லி பதில் போட்டாள்: ‘உங்களுக்காகவே அடுத்த அத்தியாயம், பாவை மா. ஏமாற்ற மாட்டேன்.’

கோமதி சொன்னாள்: “நெசத்துல ஒருத்தன் இப்படி வந்தா வெளக்கமாத்தாலயே நாலு போடுவேன்க்கா. கதைன்னா மட்டும் என்னமோ ருசிக்குது.”

மார்ச் 27, வியாழன்

நேற்று முழுவதும் தாரணி போனை எடுக்கவில்லை. இன்று காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

“பயப்படாதீங்க அத்தை. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. இடது மணிக்கட்டு லேசா முறிவு, கட்டுப் போட்டாச்சு. தூங்கறா. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்களேன்.”

நல்ல வேளை, இடது கை.

மார்ச் 28, வெள்ளி

யூடி 17. ருத்ரேஷ் தள்ளுகிறான், பனிமலர் மாடிப்படியில் உருண்டு விழுகிறாள். ஆயிரத்துக்கு மேல் விமர்சனம். ‘பாவை மாவுக்கு நன்றி, கதை சூடு பிடித்துவிட்டது’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

பனிமலருக்கு இடது கை முறிந்தது.

நான் விமர்சனம் எழுதவில்லை. ரேயான் லோடு வந்தது, இறக்கி எண்ணவே நேரம் போய்விட்டது.

மார்ச் 30, ஞாயிறு

கோவை போய் வந்தேன். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மாப்பிள்ளையே டீ போட்டார். தாரணி சோபாவில் முழுக்கை நைட்டியில் உட்கார்ந்திருந்தாள், கட்டுப் போட்ட கைக்காக ஒரு பக்கம் தையலைப் பிரித்துவிட்டிருந்தாள். மெலிந்திருக்கிறாள். நான் ஒன்று கேட்டால் அவள் அவரைப் பார்க்கிறாள், அவர் பதில் சொல்கிறார்.

“எப்படிக் கண்ணு விழுந்த?”

“சோப்புத் தண்ணிங்க அத்தை,” என்றார் மாப்பிள்ளை. “நான்தான் கழுவி விட்டிருக்கணும். என் தப்பு.”

அவள் ஒரு கையால் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கம் வெளியே தெரிய, பாய் மாதிரி சுருட்டுகிற மடிப்பு. பையில் இடம் பிடிக்காமல் இருக்கவும், பிரிக்காமலே கழுத்து டிசைன் தெரியவும் நான் கண்டுபிடித்த மடிப்பு அது. எங்கள் வீட்டில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு என்ன பேசுவதென்று தெரியாமல் ஜன்னல் திரையைத் தடவிப் பார்த்து, மீட்டர் என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

பாத்ரூம் போனேன். கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு ஆணித்துளை. படுக்கையறைக் கதவையும் பார்த்தேன். அதிலும் அப்படித்தான்.

கிளம்பும்போது மாப்பிள்ளை மொட்டை மாடியைக் காட்டினார். இவர்கள் வீடு மேல்தளம். புதிதாக இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார், சாயங்காலம் காற்று வாங்க. கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்குக் கீழேதான் வருகிறது.

“இவ்வளவு குட்டையாவா கட்டுவாங்க?” என்றேன்.

“அப்பத்தாங்க அத்தை காத்து நல்லா வரும்.”

பஸ்ஸில் திருப்பூர் தாண்டும் வரை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தேன். ஏசி பஸ், அதனால் இருக்கும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சந்தைக்குக் கோமதியை அனுப்பிவிட்டுக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து படித்தேன். யூடி 18.

பனிமலரின் அம்மா அவளைப் பார்க்க வருகிறாள். பருத்த உடம்பு, வாயெல்லாம் வியாபாரம். ‘அவள் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னல் திரையின் துணியைத் தடவி விலை கேட்டாள்’ என்று எழுதியிருக்கிறது. பனிமலர் துணியைப் பாய் மாதிரி சுருட்டுகிறாள். அம்மாவிடம் போனில் முழுக்கை நைட்டி கேட்கிறாள். எதற்கு என்றால் கொசு என்கிறாள். எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் இல்லை. ‘அவளுக்கும் அவனுக்கும் நடுவில் தாழ்ப்பாள் எதற்கு?’ என்று ஒரு வரி. அந்த வரிக்கு முந்நூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

முதலில் எனக்குச் சந்தோஷம் மாதிரி ஒன்றுதான் வந்தது. இதை என் மகள் எழுதுகிறாள், நேரே சொல்ல முடியாமல் கதையாகச் சொல்கிறாள், எப்படியோ எனக்கு எட்டவைத்துவிட்டாள் என்று நினைத்தேன். உடனே கூப்பிட்டேன். மூன்றாவது தரம் எடுத்தாள்.

“கண்ணு, நீ போன்ல கதை கிதை எழுதறியா?”

“நான் எங்கம்மா எழுதறது? போனு அவருகிட்டத்தான் இருக்கும். நீ கூப்டா குடுப்பாரு.”

“பக்கத்துல இருக்கறாரா?”

“ம். பேசறியா?”

“வேண்டாம். கை வலிக்குதா?”

“இல்லீம்மா.”

போனை வைத்துவிட்டுத் தைத்து மாட்டியிருந்த நைட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு வரிசை முழுக்க. எல்லாவற்றிலும் ஜிப் முன்னால். வாழ்நாளில் ஒரு தரம் நைட்டி போட்ட எவளும் ஜிப்பை முதுகில் எழுத மாட்டாள். நைட்டியைக் கொடியில் காயும்போது மட்டும் பார்த்திருக்கிறவன்தான் எழுதுவான்.

தேன்மல்லி பெண் இல்லை.

கீழே உட்கார்ந்துவிட்டேன். தையல்காரப் பெண்கள் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் என்றேன்.

யூடியின் அடியில் ஆசிரியர் குறிப்பு இருந்தது. ‘வெள்ளிக்கிழமை மொட்டை மாடி. இதயம் பலவீனமானவர்கள் படிக்க வேண்டாம். உங்கள் எல்லோருடைய விமர்சனத்துக்கும் காத்திருக்கிறேன், முக்கியமாக பாவை மாவுடையதுக்கு.’

நான் யார் என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரல் 1, அதே நாள் சாயங்காலம்

ஒன்றும் எழுதாமல் இருந்தால் கண்டுபிடித்துவிட்டேன் என்று புரிந்துகொள்வான். திட்டினால் கோபம் வரும். அந்தக் கோபம் வீட்டுக்குள்தான் இறங்கும். புகழ்ந்தால் வெள்ளிக்கிழமை இன்னும் பலமாகச் செய்வான். செய்துவிட்டுத்தான் எழுதுகிறான். ஊட்டிக் கதை தொய்கிறது என்று நான் எழுதினேன், மறுநாள் அவள் போனை எடுக்கவில்லை.

இதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத என்னால் முடியவில்லை.

அவனுக்கு வாசகிகள் வேண்டும். வாடிக்கையாளர் கேட்கும் சரக்கைத்தான் வியாபாரி போடுவான். அப்படியானால் வேறு சரக்கைக் கேட்க வேண்டும்.

கோமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. “என்ன எளுதோணும்னு சொல்லுங்கக்கா,” என்றாள்.

நான் எழுதியது: ‘தேன்மல்லி, அம்மா வரும் காட்சியில் சிரித்து வயிறு வலித்தது. எப்படித்தான் ஆளைப் பிடிக்கிறீர்களோ. ஆனால் மாடிக்கு இப்போதே போகாதீர்கள். ருத்ரேஷ் ஏன் இப்படி ஆனான்? சின்ன வயதில் அவனுக்கு என்ன நடந்தது? அது தெரியாமல் மாடிக்குப் போனால் எங்களுக்கு அவன் மேல் இரக்கம் வராது. வெள்ளிக்கிழமை ஒரு ஃப்ளாஷ்பேக் கொடுங்கள். அழக் காத்திருக்கிறோம்.’

‘இரக்கம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. அந்தச் சொல்லுக்கு அவன் விழுவான் என்று நினைத்தேன்.

கோமதி தன் பெயரில் ஒன்று போட்டாள். அவள் தங்கை, நாத்தனார், தையல் கூடத்துப் பெண்கள் எல்லோரையும் போடவைத்தாள். சந்தையில் ஒரு கடை முன் நாலு பேர் குனிந்து நின்றாலே கூட்டம் சேர்ந்துவிடும். விளக்கு வைப்பதற்குள் ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் ‘ருத்ரேஷ் ஃப்ளாஷ்பேக் வேண்டும் சிஸ்’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ருத்ரேஷுக்காக உருகுகிறார்கள். பனிமலருக்குக் கை எப்படியிருக்கிறது என்று கேட்டவள் ஒருத்திகூட இல்லை. போன வாரம் வரை நானும் கேட்கவில்லை.

பதில் இன்னும் வரவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் பதில் வந்தது. ‘இத்தனை அன்பா என் ருத்ரேஷ் மேல்? உங்கள் விருப்பப்படியே. வெள்ளிக்கிழமை அவன் கதை. மாடி அடுத்த வாரம்.’

மூச்சு வந்தது. ஆனால் ஒரு வாரம்தான் வாங்கியிருக்கிறேன்.

ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். நம் கடை வாடிக்கையாளர். போனில் எல்லா அத்தியாயத்தையும் காட்டினேன். கதையை மட்டும் வைத்து வழக்கு நிற்காது, ஆனால் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள் என்றார். “சண்டை அப்பறம் போட்டுக்கலாங்க. மொதல்ல புள்ளய வெளிய கொண்டு வாங்க,” என்றார். ஒரு போலீஸ் எண்ணும் கொடுத்தார்.

மத்தியானம் சாப்பிட முடியவில்லை. சாம்பார் சாதத்தைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தேன். ஒவ்வொரு தரம் போன் அடிக்கும்போதும் அவன் குரலில் “பயப்படாதீங்க அத்தை” என்று வரும் என்று தோன்றுகிறது. வாடிக்கையாளர் அழைப்பைக்கூட எடுக்கத் தயங்கினேன்.

வாசகிகள் குழுவில் இன்னொரு செய்தி. ‘உன் சினமே என் சீதனம்’ புத்தகமாக வரப்போகிறதாம். பதிப்பாளர் ஒருவர் முன்பதிவு அறிவித்திருக்கிறார். வாங்குகிறவர்களுக்குத் தேன்மல்லி அக்காவின் கையெழுத்தோடு ஒரு குங்குமச் சிமிழ் இலவசமாம்.

அதை மூன்று தரம் படித்தேன். பயத்துக்கு நடுவிலும் எனக்குள் இருக்கும் வியாபாரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவனிடம் இழப்பதற்கு ஒரு சரக்கு இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

கோமதியோடு கார் எடுத்துக்கொண்டு போனேன். சொல்லாமல் போனோம். பெருந்துறை தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி ஓரமாக வாந்தி எடுத்தேன். கோமதி முதுகைத் தடவிக்கொண்டே, “அக்கா, சந்தையில போலீஸ்காரனையே வெரட்டுனவங்க நீங்க,” என்றாள். அது வேறு, கோமதி. அங்கே பணயம் பணம்தான்.

கதவைத் திறந்தவன் சிரித்தான். “வாங்க அத்தை. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பனே.”

தாரணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கோமதி நேரே அவளிடம் போய், “வா கண்ணு, தலையைச் சீவி விடறேன்,” என்று பக்கத்தில் நின்றுகொண்டாள். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். என்ன நடந்தாலும் அவளைத் தொட்டபடி நிற்க வேண்டும்.

நான் உட்கார்ந்தேன்.

“தாரணியைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

“கை சரியாகட்டுங்க அத்தை. நானே பாத்துக்கறேன்.”

“தேன்மல்லிக்கு யூடி எழுத நேரம் வேண்டாமா? ஏன் உங்களுக்குச் சிரமம்?”

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளையைப் பார்ப்பது போலச் சிரித்தான்.

“எப்பக் கண்டுபுடிச்சீங்க?”

“முதுகுல ஜிப் வெச்சப்பவே கண்டிருக்கோணும். லேட்டாயிருச்சு.”

“உங்க விமர்சனம் மாதிரி யாருதும் இல்லீங்க அத்தை. நெசமாச் சொல்றேன். தொய்யுதுன்னு நீங்க எழுதலேன்னா கதை ஊட்டியோட முடிஞ்சிருக்கும்.”

முந்தானையில் விரலைச் சுற்றி இறுக்கிக்கொண்டேன். இங்கே அழுதால் பேரம் போய்விடும்.

“சரிங்க,” என்றேன். “பேச வந்ததைப் பேசிரலாம். முன்பதிவு நல்லாப் போவுதாமா?”

அப்போதுதான் முதன்முறையாக அவன் கை மேஜை மேல் அசைந்தது.

“தேன்மல்லி அக்கா கையெழுத்துப் போட்டுக் குங்குமச் சிமிழ் குடுக்கறாங்களாம்,” என்றேன். “அந்த அக்காவுக்கு மீசை இருக்குதுன்னு தெரிஞ்சா எத்தன பேரு வாங்குவாங்க? பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழட்டுனது யாருன்னு தெரிஞ்சா? நான் எழுதுனா நாப்பது பேரு ‘பாவை மா சொல்றது சரி’ம்பாங்க. நீங்களே பாத்திருக்கீங்க.”

“மெரட்டறீங்களா?”

“வெலை கேக்கறேன்.”

வெகு நேரம் பேசினோம். அவன் குரல் ஒருமுறைகூட உயரவில்லை. நடுவில் எழுந்து மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைத்தான், காற்றுக்கு என்றான். திறந்த கதவு வழியாக அந்த இரண்டு நாற்காலியும் தெரிந்தன. அந்தப் பக்கமே பார்க்காமல் பேசினேன். நகையைக் கேட்டான். விட்டுக் கொடுத்தேன். போலீஸைப் பற்றிக் கேட்டான். அது என் சரக்கு இல்லை, தாரணியுடையது, அதை நான் விற்க முடியாது என்று சொல்லிவிட்டேன். என் வாய் மட்டும்தான் என்னுடையது, வேண்டுமானால் அதற்கு விலை பேசலாம் என்றேன்.

முடிகிற சமயத்தில் தாரணி கூடத்துக்கு வந்தாள். கோமதி தோளைப் பிடித்தபடி கூடவே வந்தாள். பாதி பின்னிய சடையோடு நின்று, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “எனக்கும் ஒண்ணு கேக்கோணும்மா,” என்றாள். கேட்டாள். அவன் முடியாது என்றான். அன்று முழுக்க அவன் சொன்ன ஒரே ‘முடியாது’ அதுதான். நான் போனை எடுத்து வாசகிகள் குழுவைத் திறந்து மேஜை மேல் வைத்தேன்.

அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றான்.

காரில் அவிநாசி வருவதற்குள் கோமதி மீதிச் சடையைப் பின்னி முடித்தாள். பிறகு தாரணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஏத்தறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டுவாரும்மா. அப்பறம் உன் விமர்சனத்தையும் படிப்பாரு. ‘பாரு, உங்கம்மாவே கேக்கறாங்க’ன்னு சொல்லுவாரு.”

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“உனக்குத் தெரிஞ்சேதான் எழுதறியோன்னு ஒரு நாளு நெனச்சேன். அப்பறம் ஒண்ணு எழுதியிருந்தியே, அவளுக்கு வலிச்சதுன்னு ஓர் எடத்துலயும் இல்லையேன்னு. அந்த வரிய மட்டும் படிச்சுக் காட்டல. நானாத் திருட்டுத்தனமாப் பாத்தேன். அப்பத்தான், அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா வந்துருவான்னு…”

அவள் நல்ல கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரோடு வரும் வரை விடவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

எழுந்ததும் எல்லாக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். பாத்ரூம் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். தெருவில் ஒரு பைக் நின்றாலும் எட்டிப் பார்க்கிறேன். இது போக நாளாகும்.

தாரணிக்குக் கடையிலிருந்து அரைக்கை நைட்டி எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்தாள். மேல்கையில் இருந்ததையெல்லாம் பார்த்தேன். மூன்று நிறத்தில் இருந்தன, பழையது, நடுவில் பட்டது, புதியது. அளவு சரியா என்று கேட்டேன். சரி என்றாள். இந்த முறை அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொன்றும் எப்போது என்று கேட்டேன். சொன்னாள். கோமதி எல்லாவற்றையும் படம் எடுத்தாள், வக்கீலம்மாவுக்கு.

இப்போது அவள் கூடத்தில் உட்கார்ந்து என் போனில் ஒற்றைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். முதல் வரியை மட்டும் எனக்குக் காட்டினாள். ‘பனிமலருக்கு வலித்தது’ என்று ஆரம்பிக்கிறது. மீதியை எல்லோரோடும் சேர்ந்து படித்துக்கொள் என்றாள். விமர்சனம் எழுதுவாயா என்று கேட்டாள்.

நேற்றுப் பேசி முடித்தது, மறந்துபோகாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன். தாரணி என்னோடு. இருவர் சம்மதத்தோடு விவாகரத்துக்கு அவன் கையெழுத்துப் போட வேண்டும். இழுத்தடிக்கக் கூடாது. நான் போட்ட நகை முழுக்க அவனுக்கே. தேன்மல்லி யார் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், தாரணி சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம். ஃப்ளாஷ்பேக் கிடையாது, மாடி கிடையாது. கடைசியாக, தாரணி கேட்டது: இன்று சாயங்காலம் ஏறுவதுதான் கடைசி அத்தியாயம். அதை அவள் எழுதி அனுப்புவாள். அவன் தேன்மல்லி பெயரிலேயே, ஒரு புள்ளிகூட மாற்றாமல் ஏற்ற வேண்டும்.